பெரிய பிரேக் மாட்டிய பிறகு என் கார் தாமதமாக நின்றது

ஆறாவது சுற்றில், நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்துக்கு மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது, நான் மிதித்த பிரேக் பெடல் எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரைவரை போய்விட்டது. பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக அடித்ததில் கொஞ்சம் அழுத்தம் திரும்பியது. கியரைக் குறைத்து, ஓட்டப் பாதைக்கு வெளியே இருந்த சரளைப் பரப்பில் இறங்கி, கார் ஒருவழியாக நின்றது. வண்டிக்கும் எனக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் காலுக்கடியில் ஒன்றுமே இல்லாமல் போன அந்த ஒரு நொடியின் நினைவில்தான், அடுத்த எட்டு மாதங்களுக்கு என் காரின் பிரேக்கிலும் டயரிலும் நான் செய்த எல்லா மாற்றங்களும் நடந்தன. அவற்றுள் முதலாவது தவறான மாற்றம்.

கார் சுமார் 1,300 கிலோ எடையுள்ள, பின்சக்கர இயக்கம் கொண்ட, இரண்டு இருக்கை வண்டி. பத்து ஆண்டுகளைக் கடந்தது. முன்சக்கரங்களில் 280 மி.மீ. டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டு), ஒற்றைப் பிஸ்டன் கொண்ட நகரும் காலிப்பரும் (பேடு எனும் உராய்வுக் கட்டைகளை டிஸ்க்கின் இரு பக்கமும் அழுத்தும் கவ்வி) இருந்தன. சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே எட்டிப் பார்த்தால் அந்த டிஸ்க் ஒரு சாப்பாட்டுத் தட்டைப் போலச் சிறியதாகத் தெரியும். "இவ்வளவு சின்ன பிரேக்கை வைத்துக்கொண்டு இவ்வளவு வேகம் போனால் வேறென்ன ஆகும்?" என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பெடல் ஏன் அப்படித் தரைக்குப் போனது என்று அப்போது ஒருமுறைகூட நிதானமாகக் கேட்டுப் பார்க்கவில்லை.

விளைவாக 330 மி.மீ. டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் கொண்ட ஒரு பெரிய பிரேக் தொகுப்பு வந்து சேர்ந்தது. சிவப்பு வண்ணம் பூசிய அந்தக் காலிப்பர்கள் சக்கரத்துக்குள் இருந்து எட்டிப் பார்த்த அழகை மறுப்பதற்கில்லை. மாட்டிய முதல் நாள் பெடலை லேசாகத் தொட்டாலே வண்டி முன்னே குனிந்தது; அதையே வலிமை என்று நம்பினேன். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: லேசாக மிதித்தாலே பிடிக்கும் பிரேக்கும், குறைந்த தூரத்தில் காரை நிறுத்தும் பிரேக்கும் ஒன்றல்ல. முன்னது காலின் உணர்வு. பின்னதை மீட்டரில் அளந்தால்தான் தெரியும்.

நல்லவேளையாக, அளக்கும் பழக்கம் எனக்கு ஏற்கெனவே இருந்தது. பழைய பிரேக்கோடு, மூடிய ஓட்டப் பாதையின் ஒரு சமதளப் பகுதியில், ஜிபிஎஸ் பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து முழு நிறுத்தம்வரை ஐந்து முறை பிரேக் பிடித்துப் பார்த்திருந்தேன். சராசரி 43.2 மீட்டர். புதிய தொகுப்பை மாட்டி, பேடுகளைப் பழக்கப்படுத்தி, அதே இடத்தில், அதே டயர்களோடு, அதே காற்றழுத்தத்தோடு மீண்டும் அளந்தேன். சராசரி 44.9 மீட்டர். கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுநாளும் அளந்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது.

இது ஏன் என்று புரிந்துகொள்ள, கார் நிற்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பேடு டிஸ்க்கைப் பிடிக்கிறது. டிஸ்க் சக்கரத்தின் சுழற்சியைக் குறைக்கிறது. சக்கரத்தின் மேல் இருக்கும் டயர் சாலையைப் பற்றிக்கொள்ள, சாலை காரைப் பின்னோக்கி இழுக்கிறது. காரின் மீது வெளியிலிருந்து செயல்படும் பெரிய விசை அந்தக் கடைசி இடத்தில் மட்டுமே இருக்கிறது. ஒரு சக்கரத்துக்கு ஒரு விரித்த கையளவு ரப்பர், ஆக நான்கு கையளவு ரப்பர், அவ்வளவுதான் சாலையோடு நமக்கு இருக்கும் தொடர்பு. அந்த ரப்பரால் தாங்க முடிந்த அளவுக்கு மேல் சக்கரத்தைப் பிடித்தால், சக்கரம் நின்றுவிடும், கார் வழுக்கிக்கொண்டு போகும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு இருந்தால் அது இடையில் புகுந்து அழுத்தத்தைத் தளர்த்தும். என் பழைய சின்ன பிரேக்கே 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏபிஎஸ்ஸை இயங்கவைக்கும் அளவுக்கு வலிமையாகத்தான் இருந்தது. டயரின் எல்லையை ஏற்கெனவே தொட்டுவிட்ட பிரேக்கை இன்னும் வலுவாக்கி, ஒரே ஒரு நிறுத்தத்தில் பெறக்கூடியது ஒன்றுமில்லை.

ஒன்றும் கிடைக்காமல் போனதைப் புரிந்துகொள்ளலாம். ஒன்றரை மீட்டருக்கு மேல் இழந்தது எப்படி? அதற்கான விடை முன்பின் பங்கீட்டில் இருக்கிறது. கடுமையாக பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்கிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், முன்பின் அச்சுகளுக்கு இடையே இரண்டரை மீட்டரும் இருக்கும் ஒரு காரை, புவியீர்ப்புக்கு இணையான வேகக் குறைப்பில் நிறுத்தினால், மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு பின்னிலிருந்து முன்னுக்கு மாறும். நிற்கும்போது பாதிக்குப் பாதி எடை தாங்கும் அச்சுகள், அந்த நேரத்தில் 70-க்கு 30 என்று தாங்கும். காரை வடிவமைத்த பொறியாளர்கள் காலிப்பர் பிஸ்டனின் அளவையும் டிஸ்க்கின் அளவையும் இந்தக் கணக்குக்கு ஒட்டியே, பின்சக்கரம் முந்திக்கொண்டு பூட்டிவிடாதபடி கொஞ்சம் முன்பக்கச் சாய்வோடு, அமைத்திருப்பார்கள்.

நான் அந்தக் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினேன். பழைய காலிப்பரின் ஒற்றைப் பிஸ்டன் 54 மி.மீ. விட்டம் கொண்டது, பரப்பளவு ஏறத்தாழ 2,290 சதுர மி.மீ. புதியதில் ஒரு பக்கத்துக்கு 38, 42 மி.மீ. என இரண்டு பிஸ்டன்கள். இரண்டும் சேர்ந்து 2,520 சதுர மி.மீ. (நான்கு பிஸ்டன்களையும் கூட்டி, பழைய ஒன்றோடு ஒப்பிட்டு, "இரண்டு மடங்குக்கு மேல்" என்று மகிழ்வது பரவலான பிழை, நகரும் காலிப்பரில் ஒரே பிஸ்டன் எதிர்வினையால் இரு பக்கப் பேடுகளையும் அழுத்துவதால், ஒரு பக்கப் பரப்பைத்தான் ஒப்பிட வேண்டும்.) பரப்பில் 10 சதவீதம் கூடுதல், பேடு பிடிக்கும் இடம் மையத்திலிருந்து தள்ளிப்போனதால் மேலும் 19 சதவீதம். பெருக்கிப் பார்த்தால், அதே மிதிக்கு முன்சக்கரங்களில் 30 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் பிடி. பின்சக்கரங்களில் பழைய அளவேதான்.

ஆக, முன்டயர்கள் வெகு சீக்கிரம் தங்கள் எல்லையை அடைந்தன. ஏபிஎஸ் துடிக்கத் தொடங்கியது. பெடல் அதிர்ந்ததும் என் கால் அதற்கு மேல் அழுத்துவதை நிறுத்திக்கொண்டது. அந்த அழுத்தத்தில் பின்சக்கரங்கள் தங்களால் முடிந்ததில் முக்கால்வாசியைக்கூடச் செய்யவில்லை. இதை உணர்ந்த பிறகு, ஏபிஎஸ் துடித்தாலும் பொருட்படுத்தாமல் இன்னும் ஓங்கி மிதித்துப் பார்த்தேன். பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் சுருங்கியது. ஆனால் முழுவதும் மறையவில்லை. ஏபிஎஸ்ஸின் கணினிக்குப் பழைய காலிப்பரின் குணம்தான் தெரியும். இவ்வளவு அழுத்தத்தைக் குறைத்தால் இவ்வளவு பிடி தளரும் என்று அது கற்றிருந்த கணக்கு புதிய காலிப்பருக்குப் பொருந்தாததால், ஒவ்வொரு துடிப்பிலும் தேவைக்கு மேல் விட்டு, தேவைக்கு மேல் பிடித்தது என்பதே என் ஊகம்.

சரி, அப்படியானால் பெரிய பிரேக் எதற்காக? வெப்பத்துக்காக. 1,300 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமந்திருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 500 கிலோஜூல். வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்கு. இது முழுவதும் வெப்பமாக மாறி, பெரும்பகுதி டிஸ்க்குகளுக்குள் போகிறது. ஏழு கிலோ எடையுள்ள ஒரு முன்டிஸ்க், 100-லிருந்து ஒருமுறை நிறுத்தினால் சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூடேறும். அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஓட்டப் பாதையில் 180-லிருந்து 80-க்குக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 140 டிகிரி ஏறுகிறது. ஒரு சுற்றில் நான்கைந்து முறை அப்படி நடக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் காற்று எவ்வளவு ஆற்றுகிறதோ அவ்வளவுதான் இறங்குகிறது. கனமான, உள்ளே காற்றுப் பாதைகள் கொண்ட பெரிய டிஸ்க் அந்த வெப்பத்தை உள்வாங்கவும் வெளியேற்றவும் கூடுதல் இடம் தருகிறது. இருபதாவது நிறுத்தமும் முதல் நிறுத்தத்தைப் போலவே இருக்க அது உதவும். முதல் நிறுத்தத்தை அது சுருக்காது.

டிஸ்க் பிரேக்கின் வரலாறே இதற்குச் சான்று. ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனாலும் அரை நூற்றாண்டுக் காலம் டிரம் பிரேக்குகளே ஆட்சி செய்தன. 1953-ஆம் ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில், டன்லப் டிஸ்க் பிரேக்குகள் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்றபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தக் கார் ஒரே ஒரு நிறுத்தத்தில் மற்றவற்றைவிடக் குறைந்த தூரத்தில் நின்றது என்பது மட்டுமே வெற்றிக்குக் காரணமல்ல. மணிக்கணக்கில், சுற்றுக்குச் சுற்று, நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் அதே இடத்தில் நம்பிக்கையோடு பிரேக் பிடிக்க முடிந்ததுதான் அதன் பலம். டிரம்முக்குள் அடைபட்ட வெப்பம் டிஸ்க்கில் திறந்த காற்றுக்கு வந்தது.

இப்போது அந்த ஆறாவது சுற்றுக்குத் திரும்புகிறேன். பிரேக் வெப்பத்தால் தோற்பது இரண்டு விதம். இரண்டையும் காலாலேயே பிரித்தறியலாம். பெடல் கல்லைப் போல உறுதியாக இருந்து, எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்க மறுத்தால், பேடு அதன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். பெடல் பஞ்சைப் போல இளகி உள்ளே போய்விட்டால், பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று பொருள். திரவத்தைச் சுருக்க முடியாது, ஆனால் நீராவியைச் சுருக்க முடியும். குழாயில் ஆவிக் குமிழி உண்டானதும், நம் கால் செலுத்தும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. எனக்கு நடந்தது இரண்டாவது. என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, பிரேக் ஆயில் மாற்றி மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. வெட்கக்கேடு.

ஆயில் என்று நாம் பேச்சு வழக்கில் சொன்னாலும் அது எண்ணெய் அல்ல; பெரும்பாலும் கிளைகால் வகைத் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் என்பது பிரேக் திரவத்தின் தர வகை; டாட் 4 வகைக்கு, புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அதே வகைக்குக் குறைந்தபட்சம் 155 டிகிரி. டாட் 3-க்கு இவை 205, 140, டாட் 5.1-க்கு 260, 180. பந்தயத்துக்கென்று தயாராகும் திரவங்கள் புதிதாக இருக்கையில் 300 டிகிரியைத் தாண்டும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். இந்தப் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது: 5.1 கிளைகால் வகை, 4-உடன் ஒத்துப்போகும். வெறும் 5 என்பது சிலிக்கோன், கிளைகால் வகைகளோடு கலக்கக்கூடாது, ஏபிஎஸ் உள்ள கார்களுக்கும் ஏற்றதல்ல. பழைய திரவத்தை முழுவதும் வெளியேற்றி, நான்கு சக்கரங்களிலும் காற்று போகும்வரை பிளீடிங் செய்து, உயர் கொதிநிலைத் திரவத்தை நிரப்பியது, மொத்தச் செலவில் மிகச் சிறிய பகுதி. அந்த ஒன்றை முன்கூட்டியே செய்திருந்தால் சரளையில் இறங்கியிருக்க மாட்டேன்.

அடுத்து டயர். காரில் அப்போது இருந்தவை ஆறு ஆண்டுகளாக ஓடியவை. பார்வைக்கு நன்றாகவே இருந்தன. பட்டன், அதாவது டயர் மேற்பரப்பின் பள்ளங்களின் ஆழம், 4 மி.மீ.க்கு மேல் மீதம் இருந்தது. ஆனால் ரப்பர் வயதாக ஆக இறுகுகிறது. விரல் நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு அவை இறுகிப்போயிருந்தன. டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய காரை வாங்குபவர்கள் பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் படிப்பது நல்லது.

புதிய டயரைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நாள் செலவிட்டேன். அகலமான டயர் மாட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருவதுதான், எனக்கும் வந்தது. ஆனால் தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. அகலத்தைக் கூட்டினால் அந்தப் பரப்பு முக்கியமாக வடிவம் மாறுகிறது, நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. வளைவில் அதற்குப் பயன் உண்டு, வெப்பத்தைப் பரப்புவதிலும் பயன் உண்டு; ஆனால் நேராக நிறுத்துவதில் அகலத்தைவிட ரப்பர் கலவையின் தரமே பெரிதும் பேசுகிறது. மேலும் அகலமான டயர் மழையில் தண்ணீரின் மேல் சீக்கிரம் மிதக்கும். ஆகவே அளவை மாற்றாமல், அதே 225/45 ஆர் 17-இல், மிருதுவான கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர்களை எடுத்தேன். எடைக் குறியீடு 91, அதாவது டயர் ஒன்றுக்கு 615 கிலோ. வேகக் குறியீடு டபிள்யூ, அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர். இவ்விரண்டும் உற்பத்தியாளர் சொன்ன அளவுக்குக் கீழே போகக்கூடாது.

இன்னும் மிருதுவான, பாதி பந்தய வகை டயர்களும் கிடைக்கின்றன. டிரெட்வேர் என்னும் தேய்மான எண் அவற்றில் 200 அல்லது அதற்கும் கீழே இருக்கும். சாதாரணப் பயண டயர்களில் 400, 500 என்று போகும். எண் குறையக் குறையப் பிடி கூடும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்து அச்சிடுவதால், ஒரு நிறுவனத்தின் 200-ஐ இன்னொன்றின் 240-உடன் ஒப்பிடுவது அவ்வளவு பொருளுள்ளதல்ல. நான் அந்த வகையைத் தவிர்த்ததற்கு வேறு காரணம் இருந்தது: இந்தக் காரை மழையிலும், குளிர்ந்த காலை வேளையிலும் ஓட்டுகிறேன். வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரணக் கோடைக்கால டயரே இறுகிவிடும். பாதி பந்தய டயர் சூடேறும்வரை இன்னும் மோசமாக நடந்துகொள்ளும். அதேபோல், புதிதாக 7 அல்லது 8 மி.மீ. ஆழத்தில் இருக்கும் பட்டன் 3 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால், பல நாடுகளின் சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதித்தாலும், ஈரச் சாலையில் அதை நம்புவதை நான் நிறுத்திவிடுகிறேன்.

நான்கையும் ஒரே வகையாக, ஒரே நாளில் மாற்றினேன். முன்னுக்கு மட்டும் நல்ல டயர் போட்டால், பங்கீட்டில் நான் காலிப்பரால் செய்த அதே தவறை டயரால் செய்ததாகிவிடும்; வளைவில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் சுழன்றுவிடும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

இருநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, புது ரப்பரின் மேல்தோல் போனபிறகு, பழைய இடத்துக்கே அளக்கப் போனேன். பெரிய பிரேக் தொகுப்பு அப்படியே இருந்தது. டயர் மட்டும் புதிது. 38.9 மீட்டர். ஒரே நாளில் ஆறு மீட்டர் குறைந்தது. பிறகு இரண்டு வாரம் கழித்து, பெரிய தொகுப்பைக் கழற்றிவிட்டு, பழைய சின்னக் காலிப்பரையே சுத்தம் செய்து, புதிய சாதாரண டிஸ்க்கும் நல்ல பேடும் போட்டு அளந்தேன். 37.4 மீட்டர்.

43.2-க்கும் 37.4-க்கும் இடையே உள்ள ஆறு மீட்டருக்கும் குறைவான தூரம் தாளில் சிறியதாகத் தெரியலாம். அதை இப்படிப் பார்த்தால் அதன் எடை புரியும்: இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கமாக 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே கணத்தில் பிரேக் பிடித்தால், ஒன்று 37.4 மீட்டரில் நின்றுவிட்ட இடத்தை மற்றொன்று கடக்கும்போது அது இன்னும் மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்தக் கடைசி ஆறு மீட்டருக்குள்தான் கரைகிறது. கால் பெடலுக்குப் போவதற்குமுன் கடந்துவிடும் தூரம் இதில் சேராது. ஒரு நொடி தயங்கினால் அதுவே 28 மீட்டர், அதற்கு எந்தக் கடையிலும் உதிரிபாகம் இல்லை.

பேடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் வாங்கியதில் அங்கேயும் தவறினேன். ஓட்டப் பாதைக்கென்றே செய்த பேடு ஒன்றைப் போட்டேன். சூடான பிறகு அது அருமையாகப் பிடித்தது. ஆனால் மறுநாள் காலை, வண்டியை எடுத்து முதல் சந்திப்பில் பிரேக் மிதித்தபோது, கார் ஒரு கணம் எனக்குச் செவிசாய்க்காமல் நகர்ந்தது. பேடு வேலை செய்யத் தொடங்கும் வெப்பத்தை இன்னும் எட்டவில்லை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை நிற்கும்போதும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கீச்சிட்டது. பேடின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் இரண்டு எழுத்துகளைப் பார்த்தால் ஓரளவுக்கு அதன் குணம் தெரியும்: முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வுக் கெழுவையும், இரண்டாவது கடுமையான சூட்டில் இருப்பதையும் குறிக்கும். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. வரம்புகள் அகலமானவை என்பதால் அதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. குளிரிலும் பிடித்து, ஐந்தாறு சுற்றின் சூட்டையும் தாங்கும் நடுத்தர வகை ஒன்றே என்னைப் போல இரு இடத்திலும் ஓட்டுபவர்களுக்கு ஏற்றது. பேடு முன்னுக்கு ஒரு வகை, பின்னுக்கு ஒரு வகை என்று போடுவதும் பங்கீட்டை மாற்றும். நான் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வகையைப் போட்டேன்.

புதிய பேடையும் டிஸ்க்கையும் பழக்கப்படுத்துவதை அலட்சியம் செய்பவர்கள் பலர். மாட்டிய கையோடு, ஆளில்லாத பாதையில், 100-லிருந்து 20 கிலோமீட்டர்வரை எட்டுப் பத்து முறை, ஏபிஎஸ் இயங்காத அளவுக்கு ஓரளவு கடுமையாகக் குறைத்து, ஒருமுறையும் முழுவதும் நிற்காமல், பிறகு பிரேக்கைத் தொடாமல் சில நிமிடம் ஓட்டி ஆறவிட வேண்டும். இதனால் பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய, சீரான படலமாகப் படிகிறது. அதற்குப் பிறகு பேடு உராய்வது பெரும்பாலும் அந்தப் படலத்தின் மீதுதான். சூடாக இருக்கும்போது வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்தியபடியே இருந்தால், அந்த ஓரிடத்தில் மட்டும் பொருள் தடிமனாகப் படிந்துவிடும். சில நாள் கழித்து ஸ்டீயரிங் அதிரும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று மெக்கானிக் சொல்வார். பல நேரங்களில் வளைந்தது டிஸ்க் அல்ல, அதன் மேல் ஒழுங்கற்றுப் படிந்த படலம்தான். மீதி நேரங்களில், டிஸ்க்கை மாட்டுமுன், அது பொருந்தும் மையப் பகுதியான ஹப்பில் இருந்த துருவைச் சுரண்டாமல் விட்டதே காரணம். அங்கே ஒரு மணல் துகளளவு துரு இருந்தாலும் டிஸ்க்கின் விளிம்பு ஆட்டம் காணும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு ஆட்டமே காலுக்குத் தெரிந்துவிடும்.

துளையிட்ட டிஸ்க் வேண்டாம் என்பது என் தனிப்பட்ட முடிவு. பேடிலிருந்து வெளிவரும் வாயு தப்பிக்க வழி என்று சொல்வார்கள். இன்றைய பேடுகளில் அந்தத் தேவை குறைவு. கடுமையான வெப்பத்தில் அந்தத் துளைகளின் விளிம்பில்தான் விரிசல் தொடங்குகிறது. கம்பி வலை போர்த்திய பிரேக் குழாய்களுக்கு மாறினேன், அவை நிற்கும் தூரத்தைக் குறைக்கவில்லை. பழைய ரப்பர் குழாய் அழுத்தத்தில் சற்று உப்பியதால் வந்த தொய்வு போய், பெடல் இறுக்கமானது. எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் கால் இப்போது முன்பைவிடத் தெளிவாக உணர்கிறது, எனக்கு அது போதும்.

ஷாக் அப்சார்பரை மறந்துவிடக்கூடாது. தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர் இருந்தால், மேடுபள்ளமான சாலையில் டயர் தரையை விட்டு விட்டுத் தொடும். தரையைத் தொடாத டயர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் காரை நிறுத்தாது. என் காரில் பின்பக்கம் ஒன்று கசிந்திருந்தது, இரண்டையும் மாற்றினேன். காற்றழுத்தத்தை வண்டி குளிர்ந்திருக்கும் காலையில் பார்க்கிறேன். ஓடி முடித்த டயரில் அழுத்தம் கூடியிருக்கும் என்பதால், அப்போது பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் குறைந்துவிடும்.

ஓட்டப் பாதைக்கு மீண்டும் போனபோது, டிஸ்க்கின் வெளிவிளிம்பில் வெப்பம் காட்டும் மூன்று வண்ணப் பூச்சுகளைப் பூசியிருந்தேன். பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். எட்டுச் சுற்று கடுமையாக ஓட்டியதில் பச்சை மட்டும் வெளுத்திருந்தது. பெடல் கடைசிவரை உயரம் மாறாமல் இருந்தது. டிஸ்க்குக்குப் பின்னால் இருந்த தகரத் தடுப்பைக் கழற்றிவிட்டு, முன் பம்பரிலிருந்து ஒரு காற்றுக் குழாயைக் கொண்டுவந்து டிஸ்க்கின் மையத்துக்குக் காற்றைச் செலுத்தினால் இன்னும் நூறு டிகிரி குறையும் என்று நினைக்கிறேன். அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. இதைவிட வலிமையான எஞ்சினோ, இன்னும் நீண்ட ஓட்டமோ என்றால், பெரிய டிஸ்க் உண்மையிலேயே தேவைப்படும். அப்போதும் பின்சக்கரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பிஸ்டன் பரப்பைப் பழைய காலிப்பருக்கு நெருக்கமாக வைத்திருக்கும் தொகுப்பைத்தான் தேடுவேன்.

சிவப்புக் காலிப்பர்களைத் துடைத்து, அவை வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்து, விற்பனைக்கு என்று நண்பர்களிடம் சொல்லி வைத்தேன். சென்ற வாரம் அதே வகைக் கார் வைத்திருக்கும் ஒருவர் பார்க்க வந்தார். காலிப்பரைக் கையில் எடுத்து எடை பார்த்துக்கொண்டே, "போன மாதம் மழையில் முன்னால் போன வண்டியில் மோதாமல் மயிரிழையில் தப்பினேன்" என்றார். இருவரும் வெளியே போய் அவருடைய காரின் முன்டயரைக் குனிந்து பார்த்தோம். பக்கச்சுவரில் 4116 என்று இருந்தது. அவர் டயரின் அளவைத் தாளில் குறித்துக்கொண்டு கிளம்பினார். பெட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.